மூன்றாவது பாராவில் காமாலை

வக்கீல் இருந்தார். கறுப்புக் கோட்டைக் கழற்றி நாற்காலி முதுகில் போட்டிருந்தார். டைப் அடிக்கும் பெண் இருந்தாள். மிஷினுக்கு உறை போட்டுக்கொண்டிருந்தாள். மெஸ் நடத்தும் அக்கா இருந்தார். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை. அக்காவின் கணவர் இருந்தார். செருப்பைக் கழற்றிவிட்டு, நிலைப்படியைத் தாண்டாமல் நின்றார். அப்புறம் நான். அந்த ஆபீஸின் குமாஸ்தா.

சாயங்காலம் ஆறு மணி இருக்கும். கோயமுத்தூர் கோர்ட்டுக்குப் பக்கத்துச் சந்தில், மாடியில் எங்கள் ஆபீஸ். தொண்ணூறுகளின் நடுவில் ஒரு வருஷம். மாசி மாதம்.

அக்கா கையில் ஒரு தாள். அவர் சத்தியம் செய்து சொல்வதாக நாங்களே எழுதிக் கோர்ட்டில் போட்ட அபிடவிட். எதிர்த்தரப்புக்குக் கொடுத்த நகல், ஜெராக்ஸ் எடுத்து, தெருவெல்லாம் சுற்றி அவர் கைக்கே வந்திருந்தது. மேசையில் வைத்தார். வியர்வையில் நனைந்து காய்ந்த தாள்.

“எனக்கு எப்பங்க காமாலை வந்துச்சு?” என்றார்.

வக்கீல் தாளைத் தன் பக்கம் இழுத்தார்.

“காய்ச்சல்னு எழுதியிருக்கலாமுங்க. காலு ஒடிஞ்சுபோச்சுன்னு எழுதியிருக்கலாமுங்க. காலொடிஞ்சவ சமைச்சா திம்பாங்க. காமாலைக்காரி சமைச்சா எவனுங்க திம்பான்?”

வக்கீல் தொண்டையைக் கனைத்தார். அதெல்லாம் ஒரு பார்ம்தான் அம்மணி, எல்லோருக்கும் அப்படித்தான் போடுவது, ஜட்ஜுக்கும் தெரியும் என்றார்.

“அப்படீன்னா கடை வாசல்ல போர்டு எழுதி வெக்கட்டுங்களா? இது பார்முக்கு வந்த காமாலை, நீங்க பாட்டுக்கு உக்காந்து சாப்புடுங்கன்னு?”

டைப் அடிக்கும் பெண் குனிந்து உறையின் நாடாவைத் தேடினாள். சிரிப்பை மறைக்கத்தான். அக்கா சிரிக்கவில்லை. நானும் சிரிக்கவில்லை. அந்தக் காமாலையை எழுத வைத்தவன் நான்.

நான் குமாஸ்தா ஆனது திட்டம் போட்டு அல்ல. பல்லடம் பக்கம் பவர்லூமில் பதினோரு வருஷம் தறி ஓட்டினேன். படிப்பு எட்டாவது. தறிக்கொட்டகையில் ஒரு கூலி வழக்கு வந்தது. நாலு பேர் சார்பில் நான்தான் பஸ் ஏறி இந்த ஆபீஸுக்கு வருவேன். வக்கீல் வர நேரமாகும். சும்மா உட்கார்ந்து பழக்கமில்லை. அவிழ்ந்து கிடக்கும் கேஸ் கட்டுகளை இறுக்கிக் கட்டி அடுக்குவேன். தறிக்காரன் போட்ட முடிச்சு லேசில் அவிழாது. ஒருநாள் வக்கீல் பார்த்தார். பழைய குமாஸ்தா நின்றுவிட்டார், நீ வருகிறாயா என்றார். வந்துவிட்டேன். அப்போது வயது முப்பத்திரண்டு.

காலையில் கட்டுகளைச் சைக்கிளில் வைத்துக் கோர்ட்டுக்குக் கொண்டுபோக வேண்டும். எந்தக் கோர்ட்டில் எந்தக் கேஸ் எப்போது கூப்பிடுவார்கள் என்று பார்த்து வக்கீலை இழுத்து வர வேண்டும். பெஞ்ச் கிளார்க் சொல்லும் அடுத்த தேதியைக் குறிக்க வேண்டும். சாயங்காலம் அதை டைரியில் ஏற்றி, கட்சிக்காரருக்குச் சொல்லி அனுப்ப வேண்டும். இங்கிலீஷ் எனக்குப் படிக்க வராது. ஆனால் எந்தத் தாள் எது என்று முகம் பார்த்துச் சொல்வேன். எங்கே கையெழுத்து, எங்கே ஸ்டாம்ப், எங்கே சீல் என்று தெரியும். மூன்று வருஷம் அப்படி ஓடியது. குமாஸ்தாவாகப் பதிந்துகொண்டால் கோர்ட்டில் அடையாள அட்டை தருவார்கள். அது இருப்பவன் குமாஸ்தா. இல்லாதவன் பை தூக்கி. அந்த வருஷம்தான் அட்டைக்கு மனுப் போட்டிருந்தேன்.

அக்காவின் மெஸ் கணபதிப் பக்கம். பவுண்டரியும் லேத் பட்டறையும் நிறைந்த ரோடு. ஒரே ஒரு கூடம், பின்னால் சமையல்கட்டு. மதியம் எண்பது, தொண்ணூறு பேர் சாப்பிடுவார்கள். எல்லோரும் பட்டறை ஆட்கள். அக்கா சத்தியமங்கலத்துக்காரர். கணவர் வேலை பார்த்த மில் மூடிய பிறகு இருவருமாகப் போட்ட கடை. சமையல் அக்கா, காய் அரிவதும் இலை எடுப்பதும் கணவர். வாடகைக் கட்டடம். மகனுக்குக் கடை வைத்துத் தரப்போகிறேன், காலி செய்யுங்கள் என்று ஓனர் வழக்குப் போட்டுவிட்டார். அதற்காக எங்களிடம் வந்தவர்கள். அக்கா ஒரு வாய்தா தவறியதில்லை. சோற்றை வடித்து வைத்துவிட்டு, ஈரக் கையோடு பஸ் ஏறி வந்துவிடுவார்.

தப்பு நடந்தது டைரியில்.

கோர்ட்டில் டிசம்பரில் கொடுக்கும் தேதிகள் பாதிக்கு மேல் ஜனவரியில் விழும். புது வருஷத்து டைரி அப்போது கைக்கு வந்திருக்காது. அதனால் ஜனவரி தேதிகளைப் பழைய டைரியின் கடைசிப் பக்கத்தில் வரிசையாக எழுதி வைப்போம். புது டைரி வந்ததும் ஒவ்வொன்றாகப் பெயர்த்து எழுதுவோம். எல்லா குமாஸ்தாவும் செய்வதுதான். நான் பெயர்த்து எழுதியபோது ஒரு வரியை விட்டுவிட்டேன். நடுவில் யாரும் கூப்பிடவில்லை. தூக்கக் கலக்கமும் இல்லை. காரணம் சொல்ல ஒன்றுமில்லை. கண் தாண்டிவிட்டது. அந்த வரி அக்காவுடையது.

அந்தத் தேதியில் கோர்ட்டில் பேரைக் கூப்பிட்டார்கள். எங்கள் பக்கம் யாரும் இல்லை. ஓனர் சொன்னதை மட்டும் கேட்டுக்கொண்டு, கடையைக் காலி செய்ய உத்தரவு போட்டுவிட்டார்கள். எக்ஸ்பார்ட்டி என்போம்.

எனக்கு இதைச் சொன்னவர் ஓனர் வக்கீலின் குமாஸ்தா. என்னைவிடப் பத்து வயது மூத்தவர். எதிரெதிர் ஆபீஸ் என்றாலும் குமாஸ்தாக்களுக்குள் பகை கிடையாது. கோர்ட் வாசல் டீக்கடையில் டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு சொன்னார்.

“ஏனுங்க பங்காளி, உங்க மெஸ்ஸக்கா கேசுல ஆளே வரலியே. கேசையே உட்டுப்போட்டீங்களா?”

டீயைக் குடித்து முடித்தேன். ஆபீஸுக்குப் போய்ப் பழைய டைரியை எடுத்துப் பார்த்தேன். கடைசிப் பக்கத்தில் வரி இருந்தது. புது டைரியில் இல்லை.

வக்கீலிடம் சொன்னேன். அவர் அதிகம் திட்டவில்லை. முப்பது நாளுக்குள் மனுப் போட்டால் உத்தரவை ரத்து செய்ய வாய்ப்பு உண்டு. கட்சிக்காரர் ஏன் வரவில்லை என்று அபிடவிட்டில் காரணம் காட்ட வேண்டும். அந்தக் காலத்தில் எங்கள் ஊர் ஆபீஸ்களில் அதற்கு ஒரே காரணம்தான். மஞ்சள் காமாலை. படுத்த படுக்கை, நாட்டு மருந்து, பத்தியம், வக்கீலைப் பார்க்க முடியவில்லை. நாட்டு மருந்து என்றால் டாக்டர் சர்டிபிகேட் கேட்க மாட்டார்கள். எல்லாம் டைப் அடித்துத் தயாராக இருக்கும். பேரையும் தேதியையும் மாற்றினால் போதும். காமாலை மூன்றாவது பாராவில் வரும். வக்கீல், காமாலை போட்டுவிடு என்றார். நான் டைப் அடிக்கும் பெண்ணிடம் கொடுத்தேன். அரை மணியில் முடிந்தது.

கையெழுத்து வாங்க நான்தான் மெஸ்ஸுக்குப் போனேன். மதியம் ஒரு மணி. அக்கா சாம்பார் ஊற்றிக்கொண்டிருந்தார். கோர்ட்டுக்குக் கொடுக்க வேண்டிய பேப்பர் என்றேன். வாளியைக் கீழே வைத்தார், கையைச் சேலையில் துடைத்தார், காட்டிய இடத்தில் எல்லாம் கையெழுத்துப் போட்டார். என்ன என்று கேட்கவில்லை. சாப்பிட்டுவிட்டுப் போங்க தம்பி என்றார். சாப்பிட்டேன். ஆபீஸுக்கு வந்து, தமிழில் படித்துக் காட்டப்பட்டது என்கிற ரப்பர் சீலை அடியில் குத்தினேன்.

நகல் எதிர்த்தரப்புக்குப் போனது. ஓனர் இங்கிலீஷ் படித்தவர். மூன்றாவது பாராவைப் பார்த்தார். பவுண்டரி வாசலில் நின்று ஒவ்வொருவரிடமும் சொன்னார். நான் சொல்லவில்லை, அந்தம்மாவே கோர்ட்டில் சத்தியம் செய்து எழுதிக் கொடுத்திருக்கிறது, ஒரு மாசம் காமாலை, அதே கையால்தான் உங்களுக்குச் சோறு போட்டிருக்கிறது என்று. பொய் என்று யார் சொல்வது? கையெழுத்து அக்காவுடையது.

முதல் நாள் பாதிப் பேர் வரவில்லை. ஒரு வாரத்தில் பத்துப் பேர் ஆனார்கள். ஆபீஸுக்கு அக்கா வந்த அன்று மதியம் மூன்று பேர். வடித்த சோற்றை மாட்டுக்காரருக்குக் கொடுத்துவிட்டு வந்ததாக அக்காவின் கணவர் வாசலில் நின்றபடி சொன்னார். அன்று அவர் பேசியது அது ஒன்றுதான்.

அக்கா என்னைப் பார்த்துத் திரும்பினார்.

“தம்பி, நீங்க சொல்லி அனுப்புன ஒவ்வொரு நாளும் வந்தேன். அந்த ஒரு நாள் ஏன் சொல்லி அனுப்பலீங்க?”

வக்கீல் முந்திக்கொண்டார். கோர்ட்டில் கூப்பிடுகிற சத்தம் சில சமயம் கேட்காது என்று ஆரம்பித்தார்.

“நான் எழுதலீங்க அக்கா,” என்றேன். “டைரியில விட்டுப்போட்டேன். கோர்ட்டு மேல தப்பு இல்லீங்க. எம்மேலதான்.”

திட்டுவார் என்று நின்றேன். திட்டவில்லை.

“அதைய எழுதியிருக்கலாமில்லீங்க,” என்றார்.

பிறகு வக்கீல் நிதானமாகச் சொன்னார். உண்மையை எழுதலாம். ஆனால் முதலில் கொடுத்தது பொய் என்று நாமே ஒத்துக்கொண்டதாகும். ஜட்ஜ் கோபக்காரராக இருந்தால் மனுவைத் தள்ளிவிடுவார். கடையைக் காலி செய்யக் கோர்ட் அமீனா வருவார். பொய்ச் சத்தியம் செய்ததாக அக்கா மேலேயே பிராது வரலாம். காமாலையை அப்படியே விட்டுவிட்டால் ஜட்ஜ் கண்டுகொள்ள மாட்டார், அபராதம் போட்டு விட்டுவிடுவார், கடை தங்கும். எது வேண்டும் என்று அம்மணியே சொல்லட்டும் என்றார்.

அக்கா கணவரைப் பார்த்தார். அவர் தலையை மட்டும் அசைத்தார்.

“இந்தக் கடை போனா வேற கடை பாத்துக்குவனுங்க. காமாலைக்காரிங்கற பேரோட எந்தக் கடையில போயி அடுப்பு பத்த வெக்கறதுங்க? எடுத்துப்போடுங்க அதைய.”

அவர்கள் போன பிறகு வக்கீல் என்னை உட்காரச் சொன்னார். மூன்று வருஷத்தில் அவர் முன்னால் நான் உட்கார்ந்ததில்லை. அன்றும் நின்றேன். உண்மையை எழுதுவதென்றால் வரியை விட்ட நான்தான் என் பேரில் அபிடவிட் கொடுக்க வேண்டும்.

“யோசிச்சுக்கப்பா. நீ அபிடவிட் குடுத்தா அது பைல்ல உக்காந்துக்கும். அட்டை குடுக்கற இடத்துல கேப்பாங்க. நாளைக்கு நான் இல்லாமப் போனா எந்த ஆபீஸ்லயும் உன்னைய சேக்கறதுக்கு முன்னாடி யோசிப்பாங்க.”

“உக்காந்துக்கட்டுங்க சார்,” என்றேன்.

அவர் கொஞ்ச நேரம் பேனா மூடியைத் திருகிக்கொண்டிருந்தார். தன் பேரும்தான் கெடும் என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. டைப் அடிக்கும் பெண்ணை உறையைக் கழற்றச் சொன்னார். இந்தத் தடவை தமிழ். அவரே வாயால் சொல்லச் சொல்ல அவள் அடித்தாள். நான் எட்டாம் வகுப்பு வரை படித்துள்ளேன் என்று ஆரம்பித்தது. டைரி, விட்டுப்போன வரி, காமாலை, படித்துக் காட்டாமல் வாங்கிய கையெழுத்து, எல்லாம் ஒரே பக்கத்தில் அடங்கியது. முழுவதையும் நானே வாசித்தேன். என் பேரில் கோர்ட்டுக்குப் போன முதல் தாள். கையெழுத்துப் போட்டேன்.

விசாரணை நாள் வந்தது. ஓனர் வக்கீல் எழுந்து, முதலில் காமாலை என்றார்கள், இப்போது குமாஸ்தா என்கிறார்கள், அடுத்த வாய்தாவுக்கு என்ன வரும் என்று தெரியவில்லை என்றார். பின்னால் இருந்தவர்கள் சிரித்தார்கள். அவர் சொன்னதில் நியாயம் இருந்தது.

ஜட்ஜ் என்னைக் கூண்டில் ஏறச் சொன்னார். எத்தனையோ பேரை அந்தக் கூண்டுக்குக் கூட்டிப் போயிருக்கிறேன். ஏறியதில்லை. கட்டை, கை படும் இடத்தில் மட்டும் வழவழப்பாக இருந்தது.

“இந்தம்மாவுக்கு காமாலை இருந்துதா?”

“இல்லீங்க ஐயா.”

“அப்ப யாரு எழுதுனது?”

“நான் எழுத வெச்சதுங்க. எப்பவும் அப்படித்தான் போடறதுங்க.”

“படிச்சுக் காட்டுனதா சீல் இருக்கே?”

“சீல் நான் குத்துனதுங்க ஐயா. படிக்கலீங்க. அந்தக்கா சாம்பார் ஊத்திட்டிருந்தாங்க.”

இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை. ஜட்ஜ் எங்கள் வக்கீலைப் பார்த்தார். வக்கீல் எழுந்து நின்று தலையைத் தாழ்த்திக்கொண்டார். இந்தக் கோர்ட்டுக்கு வருகிறவர்களுக்கு மட்டும்தான் இந்த ஊரில் காமாலை வருகிறது என்று ஜட்ஜ் பொதுவாகச் சொன்னார். சுற்றி இருந்த வக்கீல்கள் எல்லோரும் ஆளுக்கொரு கட்டைப் பிரித்துப் பார்க்க ஆரம்பித்தார்கள்.

இரண்டு டைரியையும் கேட்டார். கொடுத்தேன். பழையதின் கடைசிப் பக்கத்தில் விரலை வைத்து, புதியதைப் புரட்டி, ஒவ்வொரு வரியாகத் தானே சரிபார்த்தார். நெடுநேரம் ஆனது. ஒன்று குறைந்தது. டைரிகளைத் திருப்பிக் கொடுத்தார்.

அப்போது அக்கா பின்னாலிருந்து கையைத் தூக்கினார். பேசலாமா என்று கேட்டார். வக்கீல் உட்காரச் சொல்லிச் சைகை செய்தார். ஜட்ஜ் பேசச் சொன்னார்.

“கடையப் பத்தி நீங்க என்ன எழுதுனாலும் சரிங்க சாமி. எனக்கு காமாலை இல்லைன்னு மட்டும் ஒரு வரி எழுதிக் குடுங்க. கோர்ட்டு சீல் வெச்சு.”

வியாதி இல்லை என்று எழுதுவது கோர்ட்டின் வேலை இல்லையே என்றார் ஜட்ஜ். வியாதி இருக்குதுன்னு எழுதுனது இந்தக் கோர்ட்டுப் பேப்பருதானுங்களே என்றார் அக்கா. ஜட்ஜ் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். தமிழில் உத்தரவு எழுதுகிறவர் அவர். அங்கேயே சொல்லி எழுத வைத்தார். எக்ஸ்பார்ட்டி உத்தரவு ரத்து. வழக்கு மறுபடி விசாரணைக்கு வரும். அபராதத்தை வக்கீல் ஆபீஸ் கட்ட வேண்டும், கட்சிக்காரரிடம் வாங்கக் கூடாது. கடைசியில் தனியாக ஒரு வரி. மனுதாரருக்குக் காமாலை நோய் இருந்ததாகச் சொல்லப்பட்டது உண்மையல்ல, அது அவர் அறியாமல் எழுதப்பட்டது.

நகல் கைக்கு வரப் பதினான்கு நாள் ஆனது. அந்தப் பதினான்கு நாளும் அக்கா அடுப்பை அணைக்கவில்லை. நாலு பேர், மூன்று பேர், ஒருநாள் யாருமே இல்லை. நான் மதியம் சைக்கிளில் போய்ச் சாப்பிட்டுவிட்டு வருவேன். வெளியிலிருந்து பார்த்தால் தெரியும்படி முன் பெஞ்சில் உட்காருவேன். காசு கொடுத்தால் வாங்கிக்கொள்வார். எதுவும் பேசிக்கொள்ள மாட்டோம். குழம்பு ஊற்றும்போது மட்டும், போதுங்களா தம்பி என்பார்.

ஆபீஸில் வக்கீல் அந்த நாட்களில் என்னிடம் வேலை தவிர வேறு பேசவில்லை. வெளியே போகச் சொல்லவும் இல்லை. ஒருநாள் வந்து பார்த்தபோது அவர் மேசையில் இருந்த காமாலை பார்ம்களைக் காணோம். நானும் கேட்கவில்லை. அட்டை மனுவுக்கு அந்த வருஷம் பதில் வரவில்லை.

நகல் வந்த அன்று மத்தியானம் அதை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். டீக்கடையில் எதிர்த்தரப்பு குமாஸ்தா பார்த்துவிட்டார். எங்கே என்று கேட்டார். சொன்னேன். இருங்க நானும் வாரேன் என்று சைக்கிளை எடுத்தார். அங்கே நின்ற இன்னும் நாலு குமாஸ்தாக்களும் வந்தார்கள். உங்க ஓனர் பாத்தா என்ன சொல்வாருங்க என்று ஒருவர் அவரைக் கேட்டார்.

“எதிர்த்தரப்புன்னா மனுசன் பட்டினியா கெடக்கோணுமா?” என்றார் அவர்.

நகலைக் கூடத்து வாசலில், ஆள் கண் உயரத்துக்கு ஒட்டினேன். பசை அக்காவின் கணவர் சோற்றுக் கஞ்சியில் காய்ச்சிக் கொடுத்தார். கோர்ட் சீல் தெரிய வேண்டும் என்று கடைசிப் பக்கத்தை மேலே வைத்தேன். அந்த ஒரு வரிக்குக் கீழே சிவப்புப் பென்சிலால் கோடு போட்டேன். கோர்ட் நகலில் கோடு போடக் கூடாது. போட்டேன்.

ஆறு பேரும் உள்ளே சாப்பிட உட்கார்ந்தோம். பவுண்டரி சங்கு ஊதியது. ஆட்கள் ரோட்டில் இறங்கினார்கள். முதலில் ஒருவர் நின்று படித்தார். எழுத்துக் கூட்டித்தான் படித்தார். பின்னால் வந்தவர் என்ன அது என்று கேட்டார். சத்தமாகப் படிக்கச் சொன்னார்கள். படித்தார். சிலர் கேட்டுவிட்டு அப்படியே போய்விட்டார்கள். ஒருவர் உள்ளே எட்டிப் பார்த்து, யாரு அறியாமங்க என்று கேட்டார்.

“அந்தக்கா அறியாமங்க. எழுதுன குமாஸ்தா நான்தான்,” என்றேன்.

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். “உம்மைய எல்லாம் எவன்யா வேலைக்கு வெச்சான்?” என்றார். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து உட்கார்ந்தார்.

அக்கா இலை போட்டார். சோற்றைக் கரண்டியால் போடாமல் கையால் அள்ளி வைத்தார், அவர் பார்க்கும்படி. அவர் பார்த்தார். பிசைந்து சாப்பிட ஆரம்பித்தார்.

நாங்கள் ஆறு பேரும் எழுந்து இடம் விட்டோம். மூன்று மணிக்குக் கடையைக் கழுவும்வரை நான் வாசலிலேயே நின்றேன். எங்கள் ஆறு பேரை விட்டு, சாப்பிட்டவர்களை எண்ணினேன்.

இருபத்து மூன்று.